ஒரு கிலோ வீடு

பியூனஸ் அயர்ஸில் லட்சம் டாலர் ஃபிளாட் ஒன்றைக் கிரயம் முடிக்க ஒரு கிலோ காகிதம் வேண்டும். நூறு டாலர் நோட்டு ஒரு கிராம். ஆயிரம் நோட்டு, ஒரு கிலோ. பெசோவில் தருகிறேன் என்றால் விற்பவர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். அர்ஜென்டினாவுக்கென்று சொந்தக் காசு உண்டு; அதில் காபி குடிக்கலாம், பஸ் ஏறலாம். வீட்டு விலை பேசுவது மட்டும் டாலரில்தான்.

பட்ட அடி அப்படி. 1991இல் அமைச்சர் கவாய்யோ சட்டம் போட்டு, உள்ளூர்க் காசை டாலரோடு கட்டிவைத்தார். ஒரு பெசோ, ஒரு டாலர். பத்து வருஷம் ஜனங்கள் மயாமிக்குப் போய் மூட்டை மூட்டையாகச் சாமான் வாங்கினார்கள். 2001 டிசம்பரில் கல்லா காலி. வாரம் 250 பெசோவுக்கு மேல் வங்கியில் எடுக்கக்கூடாது என்று அரசு பூட்டிவிட்டது. அந்தப் பூட்டுக்கு ‘கொர்ராலிட்டோ’ என்று பெயர் நிலைத்தது: குட்டிப் பட்டி, ஆடுமாடு அடைக்கிற பட்டியேதான். ஜனங்கள் சட்டியும் கரண்டியுமாகத் தெருவில் இறங்க, ஜனாதிபதி தெ லா ருவா மாளிகை மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் பறந்தார். அடுத்தடுத்து வந்தவர்களை எண்ணி முடிப்பதற்குள் 2002 பிறந்துவிட்டது. புது ஜனாதிபதி டுஹால்டே, டாலர் போட்டவருக்கு டாலரே கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார். கிடைத்தது டாலருக்கு 1.40 பெசோ. வெளியே அந்த வருஷமே டாலர் மூன்று பெசோவைத் தாண்டியது.

பிழைத்தவர்கள் இரண்டு வகை: டாலரை மெத்தைக்கடியில் வைத்தவர்கள், பட்டியில் சிக்கிய பணத்தைச் செக்காக எழுதிச் செங்கல்லாக்கிக்கொண்டவர்கள்.

2011இல் ஜனாதிபதி கிறிஸ்டினா கிர்ச்னர் மறுபடி ஜெயித்த சூட்டோடு ‘செப்போ’ வந்தது. டாலர் வாங்க வரித்துறையின் அனுமதி வேண்டும் என்றானது. செப்போ என்றால் தொழுக்கட்டை. கைதியின் காலை மாட்டுகிற மரம். உருகுவே போகிற கப்பல்துறையில் டாலரை மோப்பம் பிடிக்க நாய்களை நிறுத்தினார்கள். பியூனஸ் அயர்ஸின் ஃப்ளோரிடா தெருவுக்கு வந்திருந்தால் மோப்பமே தேவைப்பட்டிருக்காது. அங்கே “காம்பியோ, காம்பியோ” என்று கூவி நிற்பவருக்கு ‘குட்டி மரம்’ என்று பெயர். நாளெல்லாம் நட்டுவைத்தது போல நிற்பார், பச்சை இலை தருவார். அவர் கூட்டிப்போகிற இடம் ‘குகை’. அங்கே டாலருக்கு வேறு விலை, அது ‘நீல டாலர்’. சட்டவிரோதமான அந்த விலை தினம் பத்திரிகையில் வரும், மழை நிலவரம் போல. குகையிலும் சாதி பார்ப்பார்கள்: ஃபிராங்க்ளினின் முகம் சின்னதாக அச்சான பழைய நோட்டு என்றால் மதிப்பைக் குறைத்துவிடுவார்கள். மெத்தைக்கடியில் கிடந்தவற்றில் சின்ன முகங்களும் உண்டு, பாவம்.

விற்பவர் டாலர் கேட்கிறார், வாங்குபவருக்கு டாலர் வாங்க அனுமதியில்லை. பத்திரப்பதிவு மளமளவென்று சரிந்தது. 2012இல் கிறிஸ்டினா தன் டெபாசிட் டாலரைப் பெசோவாக மாற்றுவதாக அறிவித்து வழிகாட்டினார். திரும்பிப் பார்த்தால் பின்னால் கூட்டத்தைக் காணோம்.

2013இல் ‘செடின்’ என்றொரு சீட்டு. கணக்கில் வராத டாலரை வங்கியில் கொடுங்கள், ஏது என்று கேட்கமாட்டோம். சீட்டு தருகிறோம், அதைக் கொடுத்து வீடு வாங்குங்கள், விற்றவர் அதை டாலராக்கிக்கொள்வார். டாலரைக் கொடுத்துவிட்டு அரசாங்கக் காகிதம் வாங்குவதா? 2001 பார்த்த ஊரில்! சீட்டு போணியாகவில்லை.

2015இல் ஜனாதிபதியாக மக்ரி வந்து தொழுக்கட்டையைக் கழற்றினார். 2019இல் அவரே திரும்ப மாட்டினார். தேர்தலில் தோற்ற ராத்திரி, ஆளுக்கு மாதம் 200 டாலர்தான் என்றாகிவிட்டது. லட்சம் டாலர் ஃபிளாட்டுக்கு 41 வருஷம் 8 மாதம் சேர்க்க வேண்டும். விலை அதுவரை பொறுமையாக நின்றால்.

2025 ஏப்ரலில் ஜனாதிபதி மிலே தனிநபர்களுக்குக் கட்டையை அவிழ்த்தார். மே மாதம் அரசாங்கமே மெத்தையைத் தட்டியது: எடுத்துச் செலவு செய்யுங்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டோம். அர்ஜென்டினாக்காரர் தையலைப் பிரிக்கக் கத்திரிக்கோலை எடுத்தார். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார், நாய்கள் எங்கே நிற்கின்றன என்று.