வீடு ஓரடுக்கு, தொட்டி ஏழடுக்கு

ஏழு லேயர் தொட்டிதான் வேணும்னு நிக்கிறியாமே, அப்பு? வீடே ஓரடுக்கு. அதுக்கு மேல தொட்டி மட்டும் ஏழடுக்கா? வெளிச்சம் உள்ள போகாத ஒரு கறுப்பு அடுக்கு இருந்தாப் பாசி பிடிக்காது. மத்த அடுக்கெல்லாம் கடைக்காரர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பீஸு.

உன் மச்சான் வேற, "பிளாஸ்டிக் ஆகாது, செங்கல் வச்சுக் கட்டு, தலைமுறைக்கும் நிக்கும்"னு ஓதுறாராம். நிக்கும்தான். நம்ம ஊருக் கோயிலப் பாரு. நந்திவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. குன்றைக் குடைஞ்சு ஆயிரத்து எரநூறு வருசம் ஆச்சு. முன்னால நூத்துக்கால் மண்டபம், சக்கரமும் குதிரையுமாத் தேரு மாதிரியே நிக்குது. ஓடவா செய்யுது? இருந்த இடத்துல செஞ்சது இருந்த இடத்துலயேதான் இருக்கும். சாமிக்கு அது சரி. நீ நாளைக்கு மாடியில ஒரு ரூம்பு எடுக்கணும்னா, கட்டுன தொட்டிய எங்கிட்டு நகத்துவே?

அதுலயும் அஞ்சாயிரம் லிட்டராம்ல! ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. அப்ப 5 டன் ஆச்சு. செங்கலும் பூச்சும் தனிக் கனம். உங்க அப்பன் தூணும் பீமும் போட்டது கீழ நாலு பேரு நிம்மதியாப் படுக்க, மேல கம்மாய் வெட்ட இல்ல. டவுன்ல ஆளுக்கு 135 லிட்டர்னு சர்க்கார் கணக்கு. ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துக்கு 55. டவுன் கணக்கே போடு. நாலு பேருக்கு 540. ஆயிரம் லிட்டர் தாராளம். மிச்சத்துல ஆனையா குளிப்பாட்டப் போறே?

மாடிக்குக் கடையில வாங்குற பிளாஸ்டிக் தொட்டியே போதும். அடிப்பக்கம் முழுக்கச் சமமாப் பதியணும், அவ்வளவுதான். ரெண்டு செங்கல் மேல தூக்கி வச்சுட்டு, தொங்குன இடத்துல விரிஞ்சதும் கம்பெனிக்காரனை வையிறதுல புண்ணியமில்ல. ரசமட்டம் எதுக்கு இருக்கு?

தரைக்குக் கீழன்னா கதை வேற. அங்க மச்சான் சொல்றதைக் கேளு. மாடித் தொட்டிய வாங்கிப் புதைச்சேன்னா, காலியாக் கெடக்கையில மண்ணு நெருக்கும். அடமழையில நெலத்தண்ணி மேல தூக்கும். கட்டு, வட்டமாக் கட்டு. சதுரத்துல மூலைதான் மொதல்ல கசியும். உறை இறக்குனா இன்னும் சுளுவு; ஒட்டுல மட்டும் பூச்சு ஒழுங்கா இருக்கணும். பூசுன மறுநாளே தண்ணி நெரப்பிப் போட்டோ பிடிக்காதே. ஏழு நாளாச்சும் காயவிடாம நனை. கூரைத் தண்ணி அதுல வந்து சேரணும், அதையும் பாத்துக்க. 2003-ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஆனப்ப வீட்டுக்கு வீடு குழாய் இறங்குச்சு. அது எங்க போகுதுன்னு குழாய்க்கே தெரியாத வீடு இன்னைக்கும் உண்டு.

காத்தடிச்சாப் பறந்துருமேன்னு பயமா? 2018 நவம்பர் 16, கஜா புயல் அடிச்சுச்சே. பறந்ததெல்லாம் காலித் தொட்டிக. நெறஞ்சு கெடந்தது ஏன் அசையப்போகுது, டன் கனம்ல? புயல்னு ரேடியோவுல சொன்னதும் சனமெல்லாம் மெழுகுவத்தி வாங்க ஓடும். நீ மோட்டாரப் போடு. அப்புறம் கரண்டு வர எத்தனை நாளாகும்னு கரண்டுக்காரனுக்கே தெரியாது. தொட்டியும் நின்ன மாதிரி, பொழங்கவும் தண்ணியாச்சு.

மூடி இல்லாத தொட்டி எவன் கட்டுனாலும், எவன் வித்தாலும் வேணாம். டெங்கு கொசு சாக்கடை தேடிப் போறதில்ல. நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். உங்கள விட அதுக்குச் சுத்தம் ஜாஸ்தி. கழுவ ஆளு உள்ள இறங்குற அளவுக்கு வாய் இருக்கான்னும் பாத்து வாங்கு.

இன்னும் என்ன முழிக்கிறே? கறுப்புத் தொட்டி வச்சா சித்திரை மத்தியானத்துல தண்ணி கொதிக்குதேன்னா? கொதிக்கும். காலையில எந்திரிச்சுக் குளி.