கேபிளா, கப்பலா?

கேள்வி: கணினி அறிவியலில் முதுநிலை படிக்கச் சென்னைக்குக் கப்பலேறத்தான் வேண்டுமா?
– வாசகி, ஜங்லிகாட்

பதில்: சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் கடலடியில் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. கேபிள் 2020 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. அதன் வழியே பாடம் கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள், அதில் பாதி குமட்டல். வேலை பார்த்தபடி படிப்பதென்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.சி.ஏ. போதும். போர்ட் பிளேரிலேயே புதுச்சேரிப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறதே என்பீர்கள். ஆனால் அங்கே கடல் உயிரியல் போன்றவைதான் உண்டு. ஜங்லிகாட் மீன்துறைப் பக்கம் வளர்ந்தவருக்கு மீனைப் புதிதாக யார் காட்டித்தர? ஆராய்ச்சி ஆசை இருந்தால் மட்டும் கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேருங்கள். அரசு கல்லூரிகளில் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. விடுதி மீன்குழம்பை ஒருமுறை சாப்பிட்டால், உதவித்தொகையில் பாதியை வெளியே மீன் வறுவலுக்கே அழுவீர்கள்.