சாம்பார் ஆறிடும் சார்!

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. ராஜஸ்தான் மணல் செருப்பில் அப்படியே இருக்கிறது. எரிச்சலும்தான்.

ஜெய்சல்மர் கோட்டையைப் பற்றி உருப்படியாக நாலு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். 1156-ல் ராவல் ஜெய்சல் எழுப்பியது. இன்றைக்கும் உள்ளே ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கிறார்கள். சாயங்கால வெயில் பட்டால் அந்த மஞ்சள் கல் தகதகவென்று மின்னுமாம். விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் முருங்கைக்காய் விஷயத்தை முடித்துவிடுவோம்.

அது கோயம்பேட்டில் வாங்கிய முருங்கைக்காய். ஈரச் சாக்கில் சுற்றி, ரயிலில் லோயர் பெர்த்தில் படுக்கவைத்து ஜோத்பூர் வரை டூர்க்காரர்கள் கொண்டுவந்தார்கள். முழங்கால் வலிக்கார மாமா அப்பர் பெர்த்தில் வந்தார். காய் அடிபட்டால் குழம்பில் நார் நாராகிவிடும் என்று டூர் மேனேஜர் விளக்கம் சொன்னதும் மாமாவே தலையாட்டி ஏற்றுக்கொண்டார். கூடவே புழுங்கலரிசி மூட்டை, நல்லெண்ணெய் டின், அப்பளக் கட்டு, கிரைண்டர். ஜோத்பூரில் பஸ் ஏறியபோது டிக்கியில் கேஸ் சிலிண்டருக்குப் போக மிச்சமிருந்த இடம் எங்கள் பெட்டிகளுக்கு. எனக்கு அதுவும் இல்லை. தார் பாலைவனம் முழுவதையும் மடியில் சூட்கேஸோடுதான் கடந்தேன்.

டூர் நோட்டீஸிலேயே போட்டிருந்தார்கள்: 'முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டுச் சமையல்'. தாஜ்மகாலைவிடப் பெரிய எழுத்தில். உங்களுக்கும் அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டிருக்கும், பொய் சொல்லாதீர்கள்.

ஜெய்சல்மரில் மார்கழிக் குளிர் என்றால் பல் தந்தியடிக்கிற குளிர். ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கவில்லை. விஷயம் தெரிந்ததும் லாட்ஜ் முழுக்க ஒரு துக்க வீட்டுக் களை. பல் விளக்காதவர்கள்கூட வந்து குண்டானை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "உளுந்து பழசா இருக்கும்" என்றார் ஒருவர். "கைபோட்டுக் கரைக்கணும், கரண்டியால கலக்கினா எப்படிப் பொங்கும்?" என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார் ஈஸ்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவரை உட்காரவைத்துவிட்டார்கள். மறுநாள் ராத்திரி ஒரு மாமி, மகளுக்காக ஜெய்ப்பூரில் ஆசைப்பட்டு வாங்கிய புது ரஜாய்ப் போர்வையை எடுத்துக் குண்டானுக்குப் போர்த்திவிட்டார். காற்றைப்போல எடையில்லாமல், கதகதவென்று இருக்கும் அந்த ரஜாய்க்கு ஜெய்ப்பூர் பேர்போனது. மாவு அதற்குள் சுகமாகத் தூங்கியது. பக்கத்து அறையில் நான் லாட்ஜ்காரன் கொடுத்த ஓட்டைக் கம்பளியில் நடுங்கிக்கொண்டிருந்தேன். காலையில் மாவு பொங்கியிருந்தது. பஸ்ஸில் கைதட்டினார்கள். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில், 27 மீட்டர் உயரக் கல் கடிகாரத்தின் நிழல் கண்ணெதிரே நகர்வதைக் காட்டியபோதுகூட யாரும் கைதட்டவில்லை. 'டிபனுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?' என்று அந்த நிழலை வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள் உண்டு.

மறுபடியும் மாவுக்கே போய்விட்டேன். கோட்டை.

கோட்டைக்குக் கீழே பஸ் நிறுத்துகிற இடத்தில் அன்று மூன்று பஸ்கள் நின்றன. எங்களுடையதன் பக்கவாட்டில் பெருங்காயம் மணந்தது. பக்கத்தில் குஜராத்திக்காரர்கள். அவர்களும் 'மகராஜ்' என்று ஒரு சமையல்காரரைக் கூட்டிவந்து தேப்லா போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்தது வங்காளிகள். சத்யஜித் ராய் 1974-ல் 'சோனார் கெல்லா' படத்தை இங்கே எடுத்ததிலிருந்து ஜெய்சல்மர் அவர்களுக்குக் குலதெய்வக் கோயில் மாதிரி. குலதெய்வத்தைப் பார்க்க வந்த இடத்திலும் கடுகெண்ணெயில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. பாலைவனத்தில் மீன் எங்கே கிடைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு அதைக் கேட்க யோக்கியதை ஏது?

மூன்று பஸ் கூட்டத்திலும் ராஜஸ்தான் சாப்பாடு சாப்பிட்டது ஒரே ஒருவர், எங்கள் டிரைவர். அந்த ஊர்க்காரர். சக்கரத்தின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். தடி தடியாக இரண்டு கம்பு ரொட்டி, கையால் நசுக்கிய ஒரு வெங்காயம், சிவப்பாகப் பூண்டுச் சட்னி. "அண்ணே, சாம்பார் சாதம் போடட்டுமா?" என்று எங்கள் ஆள் சைகையில் கேட்டார். டிரைவர் சாம்பார் வாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் தண்ணீர் அரிது, காய்கறியும் அரிது. அதனால்தான் கடலைமாவை உருட்டி வேகவைத்து, தயிர்க் குழம்பில் போட்டு 'கட்டே' என்றார்கள். கோதுமை உருண்டையைத் தணலில் சுட்டு நெய்யில் முக்கி 'பாட்டி' என்றார்கள். 'கேர் சாங்ரி' என்ற கறியில் வருகிற சாங்ரி, கேஜ்ரி மரத்துக் காய். கேஜ்ரி என்றால் ஏதோ வடக்கத்தி மரம் என்று நினைக்க வேண்டாம், நம்முடைய வன்னி மரம்தான். விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக வைத்து நாம் சுற்றி வருகிற மரத்தின் காயை அவர்கள் காயவைத்துப் பஞ்ச காலத்துக்குச் சேமித்திருக்கிறார்கள். இதை நான் பஸ்ஸில் சொன்னேன். ஒரு மாமி கேட்டார்: "அதுல பொரியல் பண்ணுவாளா?" பண்ணுவார்கள் மாமி, அதுதான் அந்தக் கேர் சாங்ரியே! கட்டேயும் கிட்டத்தட்ட நம் உருண்டை மோர்க்குழம்பு. பெயரைச் சொல்லாமல் ஊற்றியிருந்தால் ரெண்டாம் தரம் கேட்டு வாங்கியிருப்பார்கள்.

அந்த வன்னி மரத்துக்காக 1730-ல் ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் உயிரை விட்டார்கள். அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வெட்ட ராஜாவின் ஆட்கள் வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கோடாலி நிற்கவில்லை. அடுத்தடுத்து மற்றவர்களும் மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டுப்பட்டார்கள். ஜோத்பூரிலிருந்து மெனக்கெட்டுப் போகிற தூரம்கூட இல்லை. "ஒரு அரைமணி நேரம் போய்ட்டு வந்துடலாமே" என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாம்பார் ஆறிடும் சார்."

இந்த இடத்தில் நான் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அன்றைக்கு வெண்டைக்காய் வத்தக்குழம்பு வேறு இருந்தது. சுட்ட அப்பளமும் உண்டு.

ஜெய்சல்மர் கோட்டையில் வெயில் பொன்னாக மாறுகிற நேரத்துக்கு நாங்கள் ராத்திரிச் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். ஆகவே அந்தப் பொன்னிறத்தைப் பற்றி வங்காளிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் மீன் முன்னாடியே வெந்துவிட்டது.

காஷ்மீரோ கட்ச்சோ, அடுத்த டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 'சாப்பாடு வேண்டாம், நான் வெளியில் பார்த்துக்கொள்கிறேன், எவ்வளவு குறைப்பீர்கள்?' என்று ஆபீசில் கேட்டுப் பார்த்தேன். ஒரு பைசா குறையாதாம். சாப்பாடு இலவசமாம், ஊர் சுற்றிக் காட்டத்தான் காசு வாங்குகிறார்களாம்.