முகத்துவாரத்துக்கு ஒரு ஸ்டேடியம்

பழவேற்காட்டில் ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பட்டியலில் தேடாதீர்கள், கிடைக்காது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் ஏறி வாய் அடைத்துக்கொள்ளும் மாதங்களில் மட்டும் அது திறந்திருக்கும். டிக்கெட் இல்லை, கேலரி இல்லை. ஒரு பக்கம் இரண்டு மூங்கில், மறு பக்கம் இரண்டு துடுப்பு, அவைதான் கோல் போஸ்ட். பந்து மேற்கே போனால் ஏரி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்துவிடலாம். கிழக்கே போனால் வங்காள விரிகுடா. அதோடு ஆட்டம் டிரா.

நான் போன சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஆடுகளத்துக்கு நடுவிலேயே நாலு பேர் ஒரு ஃபைபர் போட்டை மணலில் தள்ளிக்கொண்டு போனார்கள். இஞ்சினைக் கழற்றி ஒருவர் தோளில் வைத்திருந்தார். தண்ணீரில் மிதந்து போகவேண்டிய படகு, நாலு ஆள் மூச்சில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பந்து போட்டின் விலாவில் பட்டு நின்றது. யாரும் கூப்பிடவில்லை. பையன்கள் பந்தை அப்படியே விட்டுவிட்டு வந்து போட்டில் கை வைத்தார்கள், தண்ணீர் தொடும் வரை தள்ளினார்கள், திரும்பி ஓடிப்போய் விட்ட இடத்திலிருந்து ஆட ஆரம்பித்தார்கள்.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "கிரவுண்டு நல்லா இருக்கே" என்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"இவனுங்களுக்கு கிரவுண்டு கெடைச்சா நமக்குச் சோறு இல்ல தம்பி. கிரவுண்டு போனாத்தான் சோறு."

அவர் சொன்னது ஏரியின் இயக்கவியல், முழுசாக. இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. ஆனால் ஆழம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை, பல இடங்களில் நின்றால் தலை தெரியும். அது உயிரோடு இருப்பது முகத்துவாரத்தால். கடலில் பிறக்கும் இறால் குஞ்சு அந்த வாய் வழியாகத்தான் உள்ளே வந்து வளரவேண்டும். வளர்ந்த மீன் அந்த வழியாகத்தான் வெளியே போகவேண்டும். படகும் அப்படியே. வாய் அடைத்தால் தண்ணீரின் உப்பு நிலை கெடும், இறால் வராது, கண்ணுக்கு எதிரே கடல் இருந்தும் கடலுக்குப் போக முடியாது. கூனங்குப்பம், லைட் ஹவுஸ் குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கோட்டைக்குப்பம் என்று எந்தக் குப்பத்தில் கேட்டாலும் முதல் கோரிக்கை இதுதான்: வாயைத் திறந்து வையுங்கள். தலைமுறையாகக் கேட்கிறார்கள்.

மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், தேர்தல் வரும்போதெல்லாம் வேட்பாளரைக் கையோடு கூட்டிப்போய் மணல்திட்டில் நிறுத்திக் காட்டினார்கள். வேட்பாளர்களும் தவறாமல் வந்து மணலைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். ஒருவழியாக, இரு பக்கமும் கல் கொட்டி வாயை நிலையாகத் திறந்து வைக்கும் திட்டம் ஏறத்தாழ 27 கோடி ரூபாயில் உருவானது. உருவானதும் மேசை மேசையாக நடந்தது. பறவைகள் சரணாலயம் ஆயிற்றே, அனுமதி வேண்டாமா? பூநாரைக்குத் தொந்தரவு வரக்கூடாதாம். சரிதான். தெற்கே கொஞ்ச தூரத்தில் எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் நீட்டியபோது பூநாரையின் கருத்தை எந்த மேசை கேட்டது என்று மட்டும் தெரியவில்லை. கரையோரமாக நகர்ந்து போகும் மணலை அந்தச் சுவர்கள் மறிக்கின்றன. தெற்கே மணல் குவிகிறது, வடக்கே கரை அரிக்கிறது. கொடுப்பவன் கையைக் கட்டிப் போட்டுவிட்டு வாங்குபவனிடம் விண்ணப்பப் படிவம் கேட்கிறார்கள். (கல் கொட்டினால் அடுத்த குப்பத்துக் கரை போகுமோ என்ற பயமும் இங்கே உண்டு. அது மூடத்தனமான பயமும் இல்லை.)

ஆகவே எனக்கு ஒரு யோசனை. முகத்துவாரத்தை முகத்துவாரம் என்று சொல்வதை நிறுத்திவிடுவோம். ஸ்டேடியம் என்று பதிவு செய்துவிடுவோம்.

சிரிக்காதீர்கள். சென்னையில் பெரியமேட்டில் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் இருக்கிறது. பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தை இடித்துவிட்டு 1993-ல் கட்டினார்கள். 40,000 பேர் உட்காரலாம். சர்வதேசக் கால்பந்துப் போட்டிக்குத் தேதி குறித்தாகிவிட்டது, விருந்தாளி வரப்போகிறார்கள், வேலை மடமடவென்று நடந்தது. எத்தனை நாளில் தெரியுமா? 260. வருடம் அல்ல, நாள். இதே தமிழ்நாடு, இதே பொதுப்பணி, இதே சிவப்பு நாடா. விருந்தாளி வருகிறான் என்றால் நாடா தானாக அவிழ்ந்துகொள்கிறது. வீட்டு ஆள் பசிக்கிறது என்றால்தான் அதற்கு முடிச்சு போடத் தெரியும்.

ஒரு நவீனக் கால்பந்து மைதானத்தின் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? கூரையிலா, விளக்கிலா? இல்லை, புல்லுக்கு அடியில். மேலே புல், அதன் கீழே சலித்த மணல், அதன் கீழே ஜல்லி, எல்லாவற்றுக்கும் கீழே துளை போட்ட குழாய்கள். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் வடிந்து போகவேண்டும், இருபத்திரண்டு பேர் காலில் சேறு படக்கூடாது. 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அந்தச் செவ்வகத்துக்குள் மணலும் தண்ணீரும் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பது நம் பொறியாளர்களுக்கு அத்துப்படி. செவ்வகத்துக்கு வெளியே வந்ததும் மறந்துபோகிறது. பழவேற்காட்டுக்கு வேண்டியதும் அதேதான் ஐயா: மணல் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், தண்ணீர் போகும் வழியில் போகட்டும். நடுவில் கொஞ்சம் புல்லை நட்டுக் காட்டினால் வருவீர்களா?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏக்கரில் சொன்னால் மனசில் ஏறாது என்று பத்திரிகைக்காரர்கள் எதையும் கால்பந்து மைதானத்தால் அளப்பார்கள். நானும் அளந்து பார்த்தேன். காட்டுப்பள்ளியில் இப்போதுள்ள துறைமுகம் 330 ஏக்கர், அதாவது 187 ஆடுகளம். 2018-ல் அதானி குழுமம் வாங்கிய பிறகு போட்ட விரிவாக்கத் திட்டம் 6,111 ஏக்கர். 3,460 ஆடுகளத்துக்கு மேல் வருகிறது. அதில் சுமார் 2,000 ஏக்கர் இன்னும் கடலாக இருக்கிறது, தூர்த்து நிலமாக்கவேண்டும். திட்ட மதிப்பு 53,400 கோடி ரூபாய். ஒரு வாயில் மணல் அள்ளப் பணம் கிடைக்கத் தலைமுறையாகிறது, ஒரு கடலையே மணல் போட்டு மூடப் பணம் இருக்கிறது.

அந்தத் திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்று சட்டம். 2021 ஜனவரி 22 என்று தேதி போட்டார்கள், தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. ஆட்டமே நடக்கவில்லை, ஆனால் குப்பத்துக்காரன் மட்டும் இத்தனை வருடமாக எக்ஸ்ட்ரா டைமில் ஓடிக்கொண்டிருக்கிறான்.

விளையாட்டுக்கு நான் விரோதி இல்லை. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், கடலோரக் கிராமங்கள் கால்பந்தை மூச்சாக விடுகின்றன. இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போனார். மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புல்தரை ஒரு விஷயமே இல்லை. ஸ்டேடியம் கட்டியதால் அந்த ஆட்டக்காரர்கள் பிறக்கவில்லை. ஆட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. நம் ஆட்களோ முதலில் கட்டிடம் கட்டுகிறார்கள், பிறகு அதற்குள் போட எதையாவது தேடுகிறார்கள்.

நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. ஆடுகிறது, இரண்டு முறை கோப்பை வென்றது, சந்தோஷம். பக்கத்து உள்ளரங்கத்தில் சினிமாப் பாட்டு வெளியீடு நடக்கிறது. காக்கையா கழுகா என்று மாநிலமே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட தத்துவ விசாரம் 2023-ல் அங்கே ஒரு மேடைப் பேச்சிலிருந்துதான் கிளம்பியது. ஆனால் அந்த வளாகம் பார்த்த மிகப்பெரிய தவிப்பு 2021 மே மாதத்தில். கொரோனா இரண்டாம் அலை. ரெம்டெசிவிர் விற்பனையை அங்கே மாற்றினார்கள். கையில் மருந்துச் சீட்டோடு, ஆஸ்பத்திரியில் அப்பனையோ புருஷனையோ படுக்க வைத்துவிட்டு வந்து வெயிலில் நின்ற கூட்டம். கைதட்ட வந்தவர்களுக்கு நாற்காலி உண்டு, உயிருக்கு வந்தவர்களுக்குத் தார் ரோடு.

பிரேசில்காரனும் சளைத்தவன் இல்லை. 2014 உலகக் கோப்பைக்காக அமேசான் காட்டு நடுவில் மனாவுஸ் நகரத்தில் ஒரு ஸ்டேடியம் கட்டினான். உலகக் கோப்பையில் அங்கே நடந்தது நாலே நாலு ஆட்டம். போட்டி முடிந்ததும் இதில் கைதிகளை வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நீதிபதி முன்கூட்டியே யோசனை சொன்னார். தலைநகர் பிரேசிலியாவின் ஸ்டேடியம் இன்னும் ஆடம்பரம். அடுத்த வருடமே அதன் வளாகத்தில் நகரப் பேருந்துகள் வரிசையாக நின்றன. உலகத்திலேயே விலை உயர்ந்த பஸ் டிப்போ.

நம் ஊரை விட்டு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த ஃபார்முலா 4 கார் பந்தயம் புயலால் தள்ளிப்போனது. அதே புயல் வெள்ளத்தில் மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. பந்தயத்துக்கு அரசு ஒதுக்கியது 42 கோடி. அதில் முகத்துவாரத் திட்டத்தை முடித்துவிட்டு மீதிச் சில்லறையும் வாங்கியிருக்கலாம். கழிமுகத்தில் மீனவர்கள் பிளாஸ்டிக் மக்கையும் வாளியையும் வைத்துக்கொண்டு கையால் எண்ணெய் மொண்டார்கள். ஆமாம், மக். குளியலறையில் இருக்கிறதே, அது. பந்தயக் காரின் டயரைச் சில நொடியில் மாற்றுவதற்கு மெஷின் வைத்திருக்கும் நூற்றாண்டில், கடலைக் கழுவ மக். மறு வருடம் ஆகஸ்ட் கடைசியில் பந்தயம் இரவு விளக்கில் ஜகஜோதியாக நடந்து முடிந்தது. தள்ளிப்போன ஆட்டங்களில் எது திரும்ப நடக்கும், எது நடக்காது என்பதைக் குப்பத்துக்காரன் இப்படித்தான் கற்றுக்கொள்கிறான்.

அப்புறம் செம்மஞ்சேரி. சுனாமியில் வீடு இழந்தவர்களையும் நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்தவர்களையும் கொண்டுபோய் வைத்த இடம். பெருமழை வந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து விசாரிக்கும். அங்கேதான் நூறு ஏக்கருக்கு மேல் உலகத்தர விளையாட்டு நகரம் வருகிறது என்று அறிவிப்பு. ஒரு நல்லது நடக்கும்: புல்லுக்கு அடியில் வடிகால் போடுவார்கள் அல்லவா, இனி மழைக்கு அந்த மக்கள் ஆடுகளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். செக்யூரிட்டி விட்டால்.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நடமாடும் நல்ல இடங்களைக் குப்பங்கள் பங்கிட்டு, இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிரந்தரமாகப் போகாது. அதைச் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். பாடு முறையில் இடமில்லாத சாதிகள் உண்டு, பெண்களுக்குப் பாடே கிடையாது, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆனாலும் தண்ணீருக்கு ஒரு முறை வைக்கத் தெரிந்த ஜனம் அது. வி.ஐ.பி. பாக்ஸ் என்ற கருத்து அவர்களுக்குத் தோன்றவில்லை.

2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் உல்லாசமாகப் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து செத்தார்கள். அரசு உடனே செயல்பட்டது, படகு சவாரிக்குத் தடை போட்டது. தடைக்கு டிரெட்ஜர் தேவையில்லை பாருங்கள். ஒரு போர்டும் பெயின்ட்டும் போதும்.

எனவே என் மனு இதுதான். பெயர்: முகத்துவாரம் சர்வதேசக் கால்பந்து அரங்கம். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிடுங்கள், வெளிநாட்டு அணி ஒன்றுக்குக் கடிதம் போட்டுவிடுங்கள், பேனருக்கு இடம் விடுங்கள். மணல் மட்டும் அள்ளப்பட்டால் போதும். அள்ளிய பிறகு ஸ்டேடியம் எங்கே என்று வெளிநாட்டுக்காரன் கேட்டால், தண்ணீரைக் காட்டி, அணி கடலுக்குப் போயிருக்கிறது, சாயங்காலம் வரும் என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

அன்றைக்கு இருட்டும் நேரத்தில் இன்னொரு போட்டுக்காரர் வந்தார். பையன்கள் கெஞ்சினார்கள்: "அஞ்சு நிமிஷம்ணே, ஒரே ஒரு கோல்ணே." அவர் ஒன்றும் பேசாமல் ஒரு கோல் போஸ்ட்டைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் துடுப்பு அது. மீதி ஆட்டம் ஒற்றைக் கம்பத்தோடு நடந்தது. அடித்த ஒவ்வொரு பந்தும் கோலா அவுட்டா என்று சண்டை.