மிச்சத்தில் கொடுத்தால் போதாதா?

மாதம் முடியக் கையில் மிஞ்சுவதைத்தான் ஸதகா கொடுக்கிறேன். பிழையா?
– வாசகி, மருதமுனை

பிழையில்லை, ஆனால் அது முதல் படி. இமாம் கஸ்ஸாலி (1058–1111) ‘இஹ்யா’ நூலில் சகோதரத்துவத்தை மூன்று தரமாக வைக்கிறார். உங்கள் தேவை போக மிஞ்சியதைச் சகோதரன் கேட்குமுன் கொடுப்பது கீழ்த்தரம். உங்கள் பொருளில் அவனைச் சரிபாதிப் பங்காளியாக நினைப்பது அடுத்தது. உங்கள் தேவையைவிட அவன் தேவையை முன்வைப்பது உச்சம். எனக்கு உச்சத்தைவிட அந்த முதல் படிதான் உறைக்கிறது. கேட்குமுன் கொடுப்பதென்றால், பக்கத்து வளவில் இன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று தெரிந்திருக்க வேண்டுமே! காசுக்கு முன்னால் கவனம் போக வேண்டும்.

அன்பு வராத ஆளுக்கு உதவினால் அது நடிப்பல்லவா?
– வாசகர், சாய்ந்தமருது

இல்லவே இல்லை. மனதில் பிரியத்தைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது, உதவியைக் கடமையாக்கலாம் என்றார் ஜெர்மன் தத்துவஞானி கான்ட். செய்து செய்து வந்தால் பிரியமும் வந்து சேரும் என்று 1797இல் எழுதினார். பேச்சுவார்த்தை இல்லாத மச்சானின் வாப்பா மௌத்தானால், மையவாடிக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

சொந்தமா, ஊரா? யாருக்கு முதலில்?
– வாசகர், நிந்தவூர்

பழஞ்சீனத்தில் இதற்கே இரண்டு கட்சி இருந்தது. வீட்டில் தொடங்கு என்றார்கள் கன்பூசியஸ் வழிவந்தவர்கள். எல்லாரையும் ஒன்றுபோல் நேசி என்றார் மோசி. உறவுக்குக் கொடுத்தால் இரட்டை நன்மை என்கிறது நம் மார்க்கம்: தர்மத்துக்கு ஒன்று, உறவைச் சேர்த்ததற்கு ஒன்று. நானும் வீட்டுக் கட்சிதான். வீட்டில் தொடங்கி வீட்டோடு நிறுத்துபவருக்கு அதில் இடமில்லை.

யாரெவர் என்று பாராத அன்பு நடைமுறையில் உண்டா?
– வாசகி, காரைதீவு

2004 டிசம்பர் 26 சுனாமியை மறந்தீர்களா? இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது நம் அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். நிவாரண லொறிகள் வருமுன்னரே, கடல் தொடாத தெருக்களில் கிடாரம் ஏறியது. பள்ளிவாசலிலும் கோயிலிலும் பாடசாலையிலும் ஒதுங்கியவர்களுக்குச் சோற்றுப் பார்சல் போனது. கட்டியவருக்கு, அவிழ்ப்பவர் பெயர்கூடத் தெரியாது.

கண்காணாத நாட்டுப் பட்டினிக்கும் நான் பொறுப்பா?
– வாசகர், அக்கரைப்பற்று

ஆம். குளத்தில் மூழ்கும் பிள்ளையைத் தூக்க உடுப்பு நனையுமே என்று யாரும் நிற்பதில்லை. தூரம் மட்டும் எப்படிச் சாட்டாகும் என்று 1972இல் கேட்டார் தத்துவஞானி பீட்டர் சிங்கர். கிழக்கு வங்காளத்து அகதிகளின் பட்டினியைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. சுனாமிக்குப் பிறகு நம்மைக் கண்டேயிராதவர்கள் அனுப்பிய கூடாரத்தில் நாம் படுத்தோம். இந்த மாதமே ஒரு தொகையை ஒதுக்குங்கள்.