மின்சாரம் மட்டும் சொன்ன பேச்சு கேட்கும்

நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு தமிழ் முகம் இன்னொரு தமிழ் முகத்தைப் பார்த்தால் முதல் கேள்வி, "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி, "எந்த கிளையன்ட்?" ஹன்ட்டர்ஸ் க்ளென் அப்பார்ட்மென்ட் பக்கம் சாயங்காலம் நடக்கப் போனால் இந்த இரண்டாவதில்தான் நான் மாட்டிக்கொள்வேன். எலக்ட்ரீஷியன் என்று சொன்னாலும் எதிராளி அசர மாட்டார். "டெவலப்மென்ட்டா, டெஸ்டிங்கா?" என்பார்.

"டெஸ்டிங்தான் சார். டெஸ்டர் பையிலயே இருக்கு."

விஷயம் விளங்கியதும் அவர் முகத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வரும். அவர் வீட்டில் ஒரு ஃபேன் பல மாதமாக அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது என்று அர்த்தம்.

ஃபேன் மாட்டுவது வேறு, ஒரு கடைக்கு முழு வேலையையும் எடுத்து நடத்துவது வேறு. என் முதலாளி எனக்கு அந்த முதல் கமர்ஷியல் வேலையைக் கொடுத்த காரணம் எளிமையானது. கடைக்காரர் தமிழர். டிரை கிளீனிங் கடை இருந்த இடத்தில் டிபன் கடை வைக்கப்போகிறார். "உங்க ஊர் ஆள். உனக்குத்தான் அவரைப் புரியும்" என்று வரைபடத்தைக் கையில் திணித்து, என்னை ஃபோர்மேன் ஆக்கிவிட்டார். சம்பளம் அதேதான். போன் மட்டும் கூடுதலாக அடிக்க ஆரம்பித்தது.

வேலையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நம்மூரில் கறுப்பு வயர் நியூட்ரல். இங்கே கறுப்பில்தான் உயிர் ஓடுகிறது, வெள்ளை நியூட்ரல். நம்மூரில் ஸ்விட்சைக் கீழே தட்டினால் விளக்கு எரியும். இங்கே மேலே தட்ட வேண்டும். ஹெல்ப்பராக இருந்த காலத்திலேயே இதெல்லாம் கைக்குப் பழகிவிட்டது. பைப் வளைப்பதும் அப்படித்தான். ஒரு தடங்கலைத் தாண்ட பைப்பை 4 அங்குலம் ஏற்ற வேண்டுமா? 30 டிகிரி வளைவென்றால் 8 அங்குல இடைவெளியில் பென்சிலால் இரண்டு கோடு போட வேண்டும். பென்டரில் காலை வைத்து அழுத்தினால் பைப் கணக்குப் பிசகாமல் வளைந்து கொடுக்கும். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஏசிக்காரர் சரியாக அந்த இடத்தில் டக்ட்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். அவரை வளைக்க எந்தக் கடையிலும் பென்டர் கிடைக்காது.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். அவருக்குத் தெரிந்த ஒரே மின்சார அளவை பாயின்ட். "ஒரு பாயின்ட்தான தம்பி" என்று ஆரம்பிப்பார். கல்லாவுக்கு ஒரு பாயின்ட், ஜூஸ் மிக்சிக்கு ஒரு பாயின்ட், தொட்டியில் மீன் விட்டால் அதற்கு ஒரு பாயின்ட். ஒவ்வொன்றுக்கும் பைப், வயர், பெட்டி, சிலதுக்குத் தனி பிரேக்கரும் வேண்டும். வரைபடத்தில் இல்லாத எதைச் செய்தாலும் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லி முதலாளி உத்தரவு. காகிதத்தை நீட்டினால் அண்ணாச்சி என் தோளில் கை போட்டுவிடுவார். "நமக்குள்ள என்ன தம்பி கையெழுத்து? ஒரு காப்பி குடிங்க."

அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து அவருடைய வெட் கிரைண்டர் கப்பலில் வந்து இறங்கிவிட்டது.

"பிளக்கை மாத்தினா ஓடிரும்லா?"

"இது கேக்குறது 230 வோல்ட், அண்ணாச்சி. இந்தக் கட்டடத்துக்கு வர்றது 120, இல்லேன்னா 208."

"22தான குறையுது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடாதா?"

"அது மட்டும் இல்ல. ஊர்ல 50 சைக்கிள், இங்க 60. மோட்டார் கிட்டத்தட்ட 20 சதம் கூடுதல் வேகத்துல சுத்தப் பார்க்கும்."

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "அப்ப மாவு சீக்கிரம் ஆயிரும்லா!"

மோட்டார் எரியும் என்றேன். கவலைப்படவில்லை. யூஎல் மாதிரி இங்கே செல்லுபடியாகும் முத்திரை எதுவும் இல்லை, இன்ஸ்பெக்டர் விட மாட்டார் என்றேன். ஐஎஸ்ஐ முத்திரையைத் தடவிக் காட்டினார். கடைசியில், "வேகமா ஆட்டினா மாவு சூடாயிரும், இட்லி கல்லாயிரும்" என்றேன். அன்றைக்கே இந்த ஊருக்கென்று செய்த கிரைண்டருக்கு ஆர்டர் போட்டார்.

இந்தத் தொழிலில் பெரியவர்களுக்கே இந்தக் கதிதான். ரூட் 1-இல் வடக்கே போனால் எடிசன் என்ற ஊர் வரும். 1954-இல் அந்தப் பெயர் வைத்தார்கள். அங்கேதான் மென்லோ பார்க். 1879 கடைசியில் தாமஸ் ஆல்வா எடிசன் தன் பல்பை ஊருக்கு எரித்துக் காட்டிய இடம். அதைப் பார்த்த ஹென்றி வில்லார்டு என்ற கம்பெனிக்காரர் தன்னுடைய புதுக் கப்பலான 'கொலம்பியா'வுக்கு அதே விளக்கு வேண்டும் என்றார். எடிசன் பல்புக்கு அதுதான் முதல் கமர்ஷியல் வேலை, 1880-இல். கப்பல் கட்டியவர்களுக்கு இந்தப் புது விளக்கில் நம்பிக்கை இல்லை. கப்பல் நியூயார்க் வந்த பிறகு எடிசனின் ஆட்களே போய் வேலையை முடித்தார்கள். அதில் ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்விட்ச் அறைக்கு வெளியே, பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. விளக்கை ஏற்றவோ அணைக்கவோ வேண்டுமென்றால் பயணி சிப்பந்தியைக் கூப்பிட வேண்டும். வாடிக்கையாளரை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பதை முதல் வேலையிலேயே தெரிந்துகொண்ட மேதை அவர்!

எனக்கு வாய்த்த அண்ணாச்சியிடம் கடைச் சாவியே இருந்தது. கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின ராத்திரி அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. காலையில் பார்த்தால் மெயின் பேனலை ஒட்டி, என் நெஞ்சு உயரத்துக்கு பொன்னி அரிசி. பேனலுக்கு முன்னால் 36 அங்குல ஆழம், 30 அங்குல அகலமாவது காலியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 1897-இல் முதல் பதிப்பு கண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை திருத்தி வெளியாகும் அந்தச் சட்டப் புத்தகத்தில் அரிசிக்குச் சலுகை கிடையாது.

இன்ஸ்பெக்டர் டேப்பை இழுத்தார். அது பாதியிலேயே மூட்டையில் முட்டி நின்றது.

"அரிசிக்கு ஷாக் அடிக்காதுன்னு சொல்லுங்க தம்பி" என்றார் அண்ணாச்சி. நான் மொழிபெயர்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் காரில் உட்கார்ந்து போன் பேசி முடிப்பதற்குள் மூட்டைகளை எல்லாம் கை கழுவும் தொட்டிக்கு முன்னால் அடுக்கினோம். அது மறுநாள் வரப்போகும் ஹெல்த் இன்ஸ்பெக்டர் பாடு. எங்கள் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து சமையலறை பிளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். டெஸ்ட் பட்டனை அழுத்தியபோதெல்லாம் கரன்ட் ஒழுங்காகக் கட்டானது. அந்தக் கட்டடத்தில் சொன்னதை முதல் தடவையிலேயே கேட்டது அது ஒன்றுதான். ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்.

மூட்டைகள் அடுத்து எங்கே வரும் என்று எனக்குத் தெரியாதா? பேனலுக்கு முன்னால் தரையில் அளந்து மஞ்சள் டேப்பால் கட்டம் போட்டு, "இதுக்குள்ள எதுவும் வரக் கூடாது, அண்ணாச்சி" என்றேன்.

அவர் கட்டத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "இடம் நல்லாத்தான் இருக்கு. சும்மா கெடக்கதுக்கு ஒரு சின்னப் பிள்ளையாரை வச்சிருவோமா?"

சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பிள்ளையாருக்கும் விலக்கு இல்லை.