ரத்தம் ஊறினால் நல்லதுதானே?

கேள்வி: அப்பாவுக்கு நாள்பட்ட இழுப்பு. ரத்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 18.4, பக்கத்தில் 'எச்' (அதிகம்) என்று போட்டிருக்கிறது. 'நல்லா ரத்தம் ஊறியிருக்கு' என்கிறார் மாமி. சந்தோஷப்படலாமா?
– ஒரு வாசகி, உடப்பு

பதில்: மாமி மீன்குழம்பைப் பற்றிச் சொன்னால் நம்புங்கள். உங்கள் ஊரில் கரைவலை கனத்தால் கயிற்றுக்கு இன்னும் நாலு பேரைக் கூப்பிடுவீர்கள் அல்லவா? அதேதான். நுரையீரல் தரும் ஆக்சிஜன் குறைந்தால், சிறுநீரகம் எரித்ரோபொயிட்டினைச் சுரந்து சிவப்பணுக்களைக் கூட்டும். ஆள் கூடக்கூட ரத்தம் தடித்து, உறையவும் பார்க்கும். (சுருட்டுப் புகையும் இந்த எண்ணை ஏற்றிவிடும், அப்பாவின் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள்.) வெள்ளணுவுக்கும் சர்க்கரைக்கும் 'எச்' இருந்து, காய்ச்சலோ மஞ்சள் சளியோ இல்லையென்றால், அது இழுப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் குளிசையின் வேலையாகவும் இருக்கலாம். சிலாபத்துக்குக் கிளினிக் போகும்போது ரிப்போர்ட்டோடு குளிசைகளையும் கொண்டுபோங்கள். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்க்கச் சொல்லுங்கள். மாமியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.